படகுக்கு முன்னால் ஒரு தெரு

ஆயர் தாவார், சித்தியவான், ஸ்ரீ மஞ்சோங், புந்தோங் என்று இன்று ஆளுக்கொரு தாமானில் குடியிருக்கும் எங்கள் தோட்டத்து உறவுகளுக்கு,

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வந்தபோது பாதிப் பேரிடம் உட்கார்ந்து பேச முடியவில்லை. பந்தியில் பாயசம் வருவதற்குள் மண்டபத்தைக் கழுவ ஆள் வந்துவிட்டது. தனித்தனியாக எழுதினால் அவருக்குச் சொன்னாய், எனக்குச் சொல்லவில்லை என்று மனத்தாங்கல் வரும். அதனால் ஊரறிய ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். விஷயம் லூமுட்.

லூமுட் என்றதும் உங்கள் நினைப்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். காடியை எங்கே நிறுத்துவது, அடுத்த ஃபெரி எத்தனை மணிக்கு, பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி எடுத்தாயிற்றா. நேரே பங்கோர் தீவுக்குப் போய்விடும். மாசி மகத்துக்குச் சுங்கை பினாங் கெச்சில் பத்திரகாளியம்மனைப் பார்க்கப் பால்குடத்தோடு போயிருக்கிறோம். பள்ளி விடுமுறைக்குப் புளிச்சோற்றுப் பானையோடு போயிருக்கிறோம். கரையில் குளிக்க ஆசைப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையாமலே தெலுக் பாத்தேக்குக்குத் திரும்பிவிடுவார்கள். நம் சனத்துக்கு லூமுட் ஒரு ஊரே கிடையாது, படகு ஏறுகிற இடம். பேராக் தமிழர்களில் லூமுட்டில் கால் வைக்காதவர்கள் குறைவு. அங்கே ஒரு மணி நேரம் சும்மா நடந்தவர்கள் அதைவிடக் குறைவு.

நான் நடந்தேன். அத்தையின் முழங்கால் புண்ணியம்.

கல்யாணத்துக்கு மறுநாள் வாடகைப் பாத்திரமெல்லாம் ஒப்படைத்த பிறகு சித்தப்பா மகன் வேனை எடுத்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பங்கோருக்குக் கூட்டிப் போகாவிட்டால் குடும்ப மானம் போய்விடும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். பிள்ளைகள், பாய், தண்ணீர்ப் போத்தல், எல்லாவற்றுக்கும் நடுவில் முழங்காலில் தைலம் மணக்க அத்தை.

ஈப்போவிலிருந்து லூமுட் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேலே. மெங்லெம்பு, லகாட், பூசிங், சிப்புத்தே, ஸ்ரீ இஸ்கண்டார், போத்தாவில் பேராக் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஈயம், அந்தப் பக்கம் பால்மரம் என்று தாத்தா காலத்தில் ஒரு கணக்கு இருந்தது. இன்று ஈயமும் இல்லை, பால்மரமும் இல்லை. ஆற்றைத் தாண்டினால் செம்பனைதான். லயங்கள் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க இப்போது ஒரே அடையாளம், நடுக்காட்டில் தனியாக நிற்கும் கோயிலோ மாமரமோதான்.

பூசிங்குக்கு முன்னால் பாப்பானுக்குத் திருப்பச் சொன்னேன். பத்தே நிமிடம் என்று சத்தியம் செய்த பிறகுதான் தம்பி திருப்பினான். பாப்பானின் மெயின் ரோட்டில் 74ஆம் எண் வீடு சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்திய வீடு. உங்கள் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம், அதனால் நாலு வரி. யுரேசியப் பெண், தாதி, மருத்துவச்சி. கணவர் டாக்டர் கார்த்திகேசு இலங்கைத் தமிழர் வழி வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் ஈப்போவை விட்டுப் பாப்பானுக்குப் போய், காட்டிலிருந்து காயத்தோடு வந்த போராளிகளுக்கு இரகசியமாக மருந்து கட்டினார். ஒளித்து வைத்த வானொலியில் வெளியுலகச் செய்தி கேட்டார். 1943இல் பிடிபட்டார். ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் செய்த சித்திரவதையில் நடக்க முடியாமல் போனது. போருக்குப் பிறகு பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது, 1948இல் உயிரும் போனது. நானும் தாதி. அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கத் தோன்றியது.

ஆனால் தெரு? கூரை விழுந்த வீடுகள், சுவரைப் பிளந்து வளர்ந்த மரங்கள். 74ஆம் எண் தப்பியது பேராக்கின் பாரம்பரிய ஆர்வலர் லா சியாக் ஹோங் அதைக் கையிலெடுத்து நினைவில்லமாக்கியதால். ஒரு ஆள் மெனக்கெட்டார், ஒரு வீடு நின்றது. பக்கத்து வீடுகளுக்கு ஆள் வரவில்லை. அத்தை வேனை விட்டு இறங்கவே இல்லை. “இடிஞ்ச வீட்டப் பாக்கவா மெல்பர்ன்லேர்ந்து பிளேன் ஏறி வந்தே?” என்று சன்னல் வழியாகக் கேட்டார்.

சித்தியவானில் கொம்பியா வாங்க நிறுத்தினோம். 1903இல் மெத்தடிஸ்ட் பாதிரிமார் சீனத்து ஃபூச்சோவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்து குடியமர்த்திய ஊர் அது. நம்மவர்களைக் கங்காணி பிடித்துக் கொண்டுவந்து இறக்கியதுபோல அவர்கள் வேதம் பிடித்து வந்தார்கள். வந்து ரப்பர்தான் நட்டார்கள். கொம்பியா அவர்களுடைய ரொட்டி. வட்ட மாவைத் தண்ணீர் தொட்டு, சூடான மண் அடுப்பின் உள்சுவரில் சப்பென்று ஒட்டுகிறார்கள். வெந்ததும் சுரண்டி எடுக்கிறார்கள். மேலே எள், உள்ளே ஒன்றுமில்லாததும் உண்டு, இறைச்சி வைத்ததும் உண்டு. சூட்டோடு கடித்தால் பல்லுக்கும் நாக்குக்கும் வேலை. ஆறினால் பல்லுக்கு மட்டும்.

லூமுட் படகுத்துறையில் பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். அத்தை ஃபெரிக்கு இறங்கும் பலகையைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டார். “நீங்க போங்கடா. நானும் இவளும் இங்கயே காத்தாட இருக்கோம்.” அவர்களுக்கு அக்கரை சேர அரை மணியோ முக்கால் மணியோ ஆகும், திரும்பப் பொழுது சாயும். அதுவரை எங்களுக்கு லூமுட்.

கடலை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடைபாதை. எதிரே ஆற்று முகத்துவாரம், அதற்கப்பால் பச்சைக் குன்று. வலை போடாமல் தூண்டில் மட்டும் போட்டுக் காத்திருக்கிற கிழவர்கள். அங்கே உட்காரலாம் என்றார் அத்தை. வெயில் விரட்டியது, நிழலுக்காகக் கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. அதிலிருந்து ஜாலான் தித்தி பாஞ்சாங். பெரிய தெருக்கள் அல்ல. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரியும். இரண்டடுக்குக் கடை வீடுகள், மேலே மரச் சன்னல், கீழே இரும்புக் கதவு, முன்னால் அஞ்சடிப் பாதை.

அந்த அஞ்சடியைத்தான் முதலில் பார்த்தேன். ராஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்குப் போட்ட நகர விதியில், தெருவோரம் கட்டும் ஒவ்வொரு கடைக்கும் முன்னால் கூரை போட்ட பாதை விட வேண்டும் என்று இருந்தது. மலாயா முழுக்க அது பரவிவிட்டது. வெயிலுக்கும் மழைக்கும் அதைவிட நல்ல விதியை எந்த நகராண்மைக் கழகமும் போட்டதில்லை என்பது என் கட்சி. கூரைதான் பொது, தரை அவரவர் இஷ்டம். ஒரு கடைக்கு முன்னால் சிவப்பு சிமெண்டு, அடுத்ததற்குப் பூப்போட்ட ஓடு, அதற்கடுத்தது ஒரு படி உயரம், பிறகு அரைப் படி இறக்கம். அத்தையின் முழங்கால் ஒவ்வொரு வீட்டுக்காரரையும் தனித்தனியாகத் திட்டியது. “ஒத்துமையா ஒரு தரையப் போடத் தெரியல.” எனக்கோ அந்த ஏற்ற இறக்கம்தான் பிடித்தது. ஒவ்வொரு படியிலும் இன்னொரு குடும்பத்தின் எல்லை தொடங்குகிறது என்று காலுக்குத் தெரிந்தது.

எல்லாம் அழகு என்று பொய் சொல்ல மாட்டேன். பூட்டிக் கிடக்கிற கடைகள் உண்டு. சிப்பியில் கோத்த காற்றுமணி, சோழி ஒட்டிய கண்ணாடி, பவளம் என்று தூசி படிந்த சாமான் நிறைய உண்டு. கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்து விற்பதை என்னால் ரசிக்க முடியவில்லை. கட்டடங்களின் முகத்தை மறைத்துக்கொண்டு பிளாஸ்டிக் பெயர்ப்பலகைகள். ஆனால் சன்னலுக்கு மேலே சுண்ணாம்பில் வார்த்த பூவேலை, கைப்பிடி தேய்ந்த மரக் கல்லாப்பெட்டி, தடித்த கோப்பையில் வருகிற கோப்பி, கோப்பியைத் தட்டில் ஊற்றிக் குடிக்கிற தாத்தா, ஒரே வரிசையில் மாமாக் கடையும் சீனர் கோப்பிக் கடையும் மலாய்க்காரம்மாவின் ஒட்டுக்கடையும். இதையெல்லாம் எங்கேயோ காட்சிக்கு வைத்திருந்தால் டிக்கெட் வாங்கிப் பார்த்திருப்போம்.

ஒரு கருவாட்டுக் கடை. வாசலில் முக்காலி போட்டு ஒரு சீனக் கிழவி நெத்திலி பிரித்துக்கொண்டிருந்தார். தலையைக் கிள்ளி ஒரு கூடை, உடம்பு இன்னொரு கூடை. சுண்டு விரல் நீளம் ஒரு குவியல், அதிலும் பாதி இன்னொரு குவியல். கண் தெருவில் இருக்கிறது, கைதான் மீனைப் பார்க்கிறது. அத்தை மலாயில் விலை கேட்டார். கிழவி நிமிர்ந்து பார்த்து, “அம்மா, இது எடு. உப்பு கொறவு” என்றார். தமிழில். தோட்டத்துத் தமிழில். அத்தைக்கு முகம் மலர்ந்தது. உடனே பேரமும் தமிழுக்கு மாறியது. காலிறாத்தல் கணக்கெல்லாம் போய் எத்தனையோ வருஷம், இருவரும் இறாத்தலிலேயே பேசினார்கள். கடைசியில் கிழவி கேட்டார்: “எந்தத் தோட்டம்?”

மெல்பர்னில் என்னை எந்த நாடு என்று கேட்பார்கள். கோலாலம்பூரில் எந்தத் தாமான் என்பார்கள். தோட்டம் இல்லாமல் போன பிறகும் எந்தத் தோட்டம் என்று கேட்கத் தெரிந்தவர் அந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார். அத்தை தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், அங்கிருந்து வந்து கடனுக்குச் சாமான் எடுத்த கிராணி ஒருவரைப் பற்றி அவர் விசாரித்தார். கடன் தீர்ந்ததா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அத்தை பேச ஆரம்பித்தார். எனக்கு இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பேச்சு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அத்தைக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும். 1969 கலவரம் முடிந்த சமயம். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்திருந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தோட்டத்தில் பாதிப் பேர் கையில் சிவப்பு அடையாள அட்டை. பிறந்த பதிவு இருக்காது, வந்த பதிவு இருக்காது, ரஜூலா கப்பலில் எந்த வருஷம் ஏறினோம் என்றே சரியாக நினைவிருக்காது. குடியுரிமைக்கான நீல அட்டைக்கு எழுதிப் போட வேண்டும். அரசாங்கக் காரியம் என்றால் அன்று லூமுட்தான். டிண்டிங்ஸ் வட்டாரத்துக்குத் தலைமை இடம் அது. 1874இல் பங்கோர் உடன்படிக்கையில் பேராக்கிடமிருந்து பிரிட்டிஷ்காரன் வாங்கி, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரோடு நீரிணைக் குடியேற்றமாகச் சேர்த்துக்கொண்ட பகுதி. 1935இல்தான் திரும்பப் பேராக்குக்கு வந்தது. அந்தச் சின்னத் தெருவுக்குப் பின்னால் அத்தனை அரசாங்கம் இருந்ததற்குக் காரணம் அதுதான். வட்டாரத்துக்கு மஞ்சோங் என்று பெயர் மாறி அலுவலகங்கள் ஸ்ரீ மஞ்சோங்குக்குப் போனது பின்னால்.

தாத்தா பேருந்தில் அத்தையைக் கூட்டிக்கொண்டு வருவார். அஞ்சடியில் மேசை போட்டு மனு எழுதித் தருபவர் ஒருவர், தட்டச்சு இயந்திரத்தோடு. எழுத்துக்கு இவ்வளவு, தாளுக்கு இவ்வளவு. தாத்தா பெருவிரலை நீட்டுவார். விண்ணப்பித்தவரிடம் மலாய் பேசத் தெரியுமா என்று கேட்பார்கள். அதற்கு ஒத்திகையும் அந்த அஞ்சடியில்தான். அத்தை பள்ளியில் படித்த மலாயைச் சொல்லிக்கொடுக்க, தாத்தா தூணைப் பார்த்துக்கொண்டு திரும்பச் சொல்வாராம். பேர் என்ன, எங்கே வேலை, எத்தனை பிள்ளை. எத்தனை பிள்ளை என்ற கேள்விக்கு மட்டும் தமிழில் எண்ணிப் பார்த்துவிட்டு மலாயில் சொல்வாராம். அத்தை அதைச் சொல்லிச் சிரித்தார். அந்தத் தூண் எது என்று கேட்டேன். இதுதான் என்று ஒன்றைத் தட்டினார். பிறகு, இல்லை, அதுவோ என்றார். எந்தத் தூணாக இருந்தால் என்ன, வரிசை அதுதான்.

தாத்தாவுக்கு நீல அட்டை கிடைத்தது. அவருடைய அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள்போல அவரும் பெண்டு பிள்ளைகளோடு கப்பலேறிப் புதுக்கோட்டைப் பக்கம் போய்விட்டார். கடைசியாக ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தது இந்தத் தெருவில் என்றார் அத்தை. யார் யாருக்கு வாங்கிக் கொடுத்தது என்று அவருக்கு நினைவில்லை. நான் அந்த நீல அட்டையின் பேத்தி. அது கையில் இருக்க, என் சொந்த விருப்பத்தில் விமானம் ஏறினேன். என்னை யாரும் அனுப்பவில்லை. தங்குவதற்கு அவர்கள் எவ்வளவு நடந்தார்கள், போவதற்கு நான் எவ்வளவு நடந்தேன் என்று அந்த அஞ்சடியில் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொருவர் கதையும் அந்தக் கரையோடு ஒட்டியது. சித்தியவானில் மிதிவண்டிக் கடைக்காரர் மகனாக 1924இல் பிறந்த சின் பெங், மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். 1948இல் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதோடு தொடங்கிய அவசரகாலம் 12 வருஷம் நீடித்தது. நம் தோட்டங்களிலும் இரண்டு பக்கத்துக் குண்டுக்கும் ஆள் பலியானார்கள். அதனால் அவர் பெயரைச் சொன்னால் நம் வீடுகளிலும் இரண்டு விதமாக முகம் மாறும். அந்த வாதத்துக்கு நான் வரவில்லை. 1989இல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் ஊருக்கு வர அனுமதி கிடைக்காமல், 2013இல் பாங்காக்கில் இறந்தார். 2019இல் அவருடைய அஸ்தியைக் கொண்டுவந்து ஒரு பகுதியை லூமுட் கடலில் கரைத்தார்கள். தெரிய வந்ததும் நாட்டில் பெரிய ரகளை. கரைத்த கடலுக்கு இந்தப் பக்கம் அரச மலேசியக் கடற்படையின் தளம். 2024 ஏப்ரல் 23ஆம் தேதி விழா ஒத்திகையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதிப் பத்துப் பேர் இறந்தது அந்தத் தளத்தில்தான். அன்று காலையில் ஸ்ரீ மஞ்சோங்கில் அடுப்படியில் இருந்த அத்தை, சைரன் அடித்துக்கொண்டு வண்டிகள் போனதை இப்போதும் எண்ணிச் சொல்கிறார்.

பிள்ளைகள் பங்கோரிலிருந்து மணலும் உப்புமாக வந்து சேர்ந்தார்கள். திரும்பும் வழியில் நான் தெருவைப் பற்றிப் பேசப் பேசத் தம்பி பொறுத்துப் பார்த்தான். பிறகு சொன்னான்: “அக்கா, நீங்க வந்தா செவுத்தப் பாத்து அழகுன்னு சொல்லிட்டுப் போயிருவீங்க. இங்க இருக்கிற பயலுங்களுக்கு வேல வேணும். மாலு கட்டினா வேல வருது. பழைய கடைத்தெரு யாருக்கு வேல குடுக்குது?”

நியாயமான கேள்வி. பதிலை அங்கேயே சொல்ல வரவில்லை, இங்கே சொல்கிறேன். மஞ்சோங்கில் பெரிய வேலைக்குக் குறைவில்லை. கடற்படைத் தளம், கப்பல் கட்டும் தளம், நிலக்கரி மின்நிலையம், தெலுக் ரூபியாவில் பிரேசில் நாட்டு வாலே நிறுவனத்தின் இரும்புத் தாது முனையம். எல்லாம் வேலிக்குள் இருக்கின்றன; உள்ளே போக அட்டை வேண்டும், படிப்பு வேண்டும், பல சமயம் ஆளும் தெரிய வேண்டும். தெருவுக்கு வேலி கிடையாது. தம்பி, நீ படித்து முடித்ததும் சித்தப்பா உனக்கு முதலில் பார்த்துக் கொடுத்த வேலை, ஆயர் தாவார் கடைத்தெருவில் ஒரு கடைக்காரரிடம். மாலில் ஒரு கடைக்கு வாடகை கொடுத்துப் பார். நம்மில் ஒருவர் சொந்தமாக ஒரு பசியாறும் கடை போட வேண்டுமென்றால் இப்படி ஒரு பழைய தெருவில்தான் போட முடியும். அதற்கு முதலில் அந்தத் தெரு உயிரோடு இருக்க வேண்டும்.

அது பாதி உயிரோடு இருக்கிறது, அதுவும் படகின் தயவில். அந்தத் தயவு நிலையானதா? தெலுக் மூரோவிலுள்ள மரினா தீவிலிருந்து பங்கோருக்குப் பத்தே நிமிடம். நேரம் பார்ப்பவர்கள் அங்கே போகிறார்கள். நாளைக்குப் பாலமே வரும் என்கிற பேச்சும் ஓய்வதில்லை. லூமுட்டைப் படகு ஏறும் இடமாக மட்டும் வைத்திருந்தால், படகு நகர்ந்த அன்று ஊரும் நகர்ந்துவிடும்.

நான் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் மால்டன் என்று ஒரு சிற்றூர். மெல்பர்னிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1853இல் தங்கம் கிடைத்து வளர்ந்தது, தங்கம் தீர்ந்ததும் படுத்துவிட்டது. ஈயம் தீர்ந்த நம் கிந்தா ஊர்கள் மாதிரியே. இடித்துக் கட்டப் பணம் இல்லாததால் தெரு அப்படியே நின்றது. 1960களில் ஆஸ்திரேலிய தேசிய அறக்கட்டளை அதை நாட்டின் முதல் குறிப்பிடத்தக்க ஊராக அறிவித்தது. இன்று சனி, ஞாயிறு என்றால் காரை நிறுத்த இடமிருக்காது. என்னுடன் வேலை செய்கிற தாதிகள் ஒரு நாள் விடுமுறை கிடைத்தால் போதும், போகலாமா என்பார்கள். போய் என்ன செய்கிறோம்? கடைகளுக்கு முன்னால் இறக்கிய கூரையின் நிழலில் நடக்கிறோம், ஜாம் வாங்குகிறோம், ஊரில் கிடைக்கிற அதே காப்பியை அதிக விலைக்குக் குடிக்கிறோம். தெரு முனைக்குப் போய்த் திரும்பி வருகிறோம். அவ்வளவுதான். அந்த அவ்வளவில் ஒரு ஊர் பிழைக்கிறது. லூமுட்டின் அஞ்சடிக்கு மால்டன் கூரை எந்த விதத்திலும் உசத்தி இல்லை. அங்கே கூடவே கடல் கிடையாது, நெத்திலி கிடையாது, எந்தத் தோட்டம் என்று கேட்க ஆளும் கிடையாது.

மால்டனையும் பாப்பானையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் சுரங்கம் தீர்ந்தது, இரண்டிலும் பணம் போனது. ஒன்றில் ஊர்க்காரர்களும் வெளியாட்களும் தெருவுக்கு வந்துகொண்டே இருந்தார்கள், மற்றதில் நின்றுவிட்டார்கள். லூமுட் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை.

அதனால் கேட்கிறேன். பெரிய காரியம் எதுவும் இல்லை. அடுத்த முறை பங்கோருக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள். புளிச்சோற்றுப் பானை தீவுக்குப் போகட்டும், பசியாறுவது மட்டும் தெருவில் இருக்கட்டும். மாசி மகத்தன்று லூமுட் படகுத்துறையில் தமிழ்தான் கேட்கும். அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒருவர் தெருவுக்குள் திரும்பினால்கூடக் கோப்பிக் கடைக்காரருக்குக் கை ஓயாது. நம் கிழவிகளையும் கிழவர்களையும் கூட்டி வாருங்கள், படகில் ஏற முடியாதவர்களை முக்கியமாக. அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறீர்களே, அந்தத் தெரு உங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். தூணைத் தட்டி இதுவா, அதுவா என்று அவர்கள் தடுமாறும்போது கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குத் திரட்டேடு கொடுக்கும்போது, தாஜ்மகாலையும் இரட்டைக் கோபுரத்தையும் வெட்டி ஒட்டச் சொல்லாமல், தாத்தா பாட்டி லூமுட் தெருவில் என்ன காரியத்துக்குப் போனார்கள் என்று எழுதி வரச் சொல்லுங்கள். சிவப்பு அட்டை, மனு, கைரேகை, கடன், கோப்பி எல்லாம் வரும். வீட்டில் 1960, 70களில் அங்கே எடுத்த படம் ஏதாவது இருந்தால், கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும்போது குப்பையோடு போடாதீர்கள். ஒரு நகல் எனக்கும் அனுப்புங்கள், நான் சேர்த்து வைக்கிறேன்.

ஒன்று மட்டும் வேண்டாம். சுவர்ச் சித்திரம். ஈப்போ பழைய நகரில் எர்னஸ்ட் சகரெவிச் 2014இல் வரைந்தது நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு மலேசியாவில் சுவர் உள்ள ஊருக்கெல்லாம் ஒரு மிதிவண்டிப் பையனையும் ஒரு பூனையையும் வரைந்துவிட்டார்கள். நகராண்மைக் கழகத்திடம் கேட்பதானால் பெயிண்டு கேட்காதீர்கள். ஒரு சின்னப் பலகை கேளுங்கள்: இந்த அஞ்சடியில் மனு எழுதுபவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று, மலாய், சீனம், தமிழ் மூன்றிலும். கிடைக்குமா என்றால், கேட்டால்தானே தெரியும். தாத்தா கேட்டுத்தான் வாங்கினார்.

போனவள் அங்கிருந்துகொண்டு இருப்பவர்களுக்குப் புத்தி சொல்கிறாள் என்று சிலர் முணுமுணுப்பீர்கள். முணுமுணுங்கள், பரவாயில்லை. ஆனால் முணுமுணுப்பதை லூமுட்டில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்துப் பெண்,
மெல்பர்ன்

பி.கு: கருவாட்டுக் கடை எது என்று அத்தையிடம் கேட்டால் சொல்வார். தலை கிள்ளிய நெத்திலி கேளுங்கள், விலை சற்றுக் கூடுதல்தான். எனக்கு அனுப்புவதாக இருந்தால் நன்றாகக் கட்டி, இன்னது என்று மேலே எழுதி அனுப்புங்கள்; இங்கே விமான நிலையத்தில் மோப்ப நாய் இருக்கிறது. கொம்பியா இறைச்சி வைக்காததாக இருக்கட்டும்.